லிங்கன் வீட்டு மூலப் பத்திரம்

நிலம் வாங்கலாம்னு இருக்கேன்னு யாராவது யோசனை கேட்டா நான் சொல்ற முதல் பதில் ஒண்ணுதான். பட்டாவை மட்டும் பார்த்துட்டு முன்பணம் கொடுத்துடாதீங்க, மூலப் பத்திரத்தைப் பாருங்க. நிலம் இன்னைக்கு யார் பேர்ல இருக்குன்னு பட்டா சொல்லும். அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்துச்சு, எந்தத் தலைமுறையில சிக்கல் விழுந்துச்சு, யாருக்குப் பங்கு கிடைக்காமப் போச்சுன்னு மூலப் பத்திரம்தான் சொல்லும். குடும்பங்களோட கதையும் இதே மாதிரிதான்.

இன்னைக்கு எழுதப் போறது ஒரு அமெரிக்க விவசாயக் குடும்பத்தோட மூலப் பத்திரத்தைத் தேடின கதை. அந்த வீட்டுப் பையன் ஒருத்தன் பின்னால ஜனாதிபதி ஆனதால குடும்பத்தின் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும். ஆபிரகாம் லிங்கன். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டின குடிசையில் பிறந்தவர், ஏழை, தெருவிளக்குல படிச்சவர்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருப்போம். (தெருவிளக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல, அவர் வளர்ந்த காட்டுல தெருவே கிடையாது.) அந்தக் குடும்பம் பரம்பரை பரம்பரையா ஏழையா, இல்ல நடுவுல ஏழையாச்சா? இந்தக் கேள்விக்கு லிங்கன்கிட்டயே முழு பதில் இல்லை. அவர் இறந்த பிறகு பழைய காகிதக் கட்டுகளிலிருந்துதான் பதில் வந்தது.

லிங்கனுக்குத் தெரிந்தது எவ்வளவு

1848-ல் லிங்கன் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹிங்கம் என்ற ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் அவருக்குக் கடிதம் எழுதினார். "உங்க பேரும் லிங்கன், எங்க பேரும் லிங்கன், நாம ஒரே குடும்பமா?" என்பதுதான் விசாரிப்பு. லிங்கன் தனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார். தாத்தா பெயரும் ஆபிரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து 1782 வாக்கில் கென்டக்கிக்குப் போனவர், அங்கே கொல்லப்பட்டவர். அதுக்கு முன்னாடி குடும்பம் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்ததாகக் கேள்வி. அவ்வளவுதான்.

அவருக்கும் ஆர்வம் இல்லாமல் இல்லை. அதே மாதத்தில் வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்பவரின் முகவரியை விசாரித்து வாங்கி, நாம உறவான்னு கேட்டு எழுதினார். ஆனாலும் 1859 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காகத் தன்னைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியபோது, இந்தத் தேடலில் ஒன்றும் சிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டி வந்தது. ஏனோக், லேவி, மொர்டெக்காய், சாலமன், ஆபிரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெயர்கள் வருகின்றன, அதுக்கு மேல உறுதியா எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு.

அவர் அன்றைக்கு இல்லினாய் மாநிலத்தின் பெரிய வக்கீல்களில் ஒருத்தர். மத்தவங்க நில வழக்குக்குப் பத்திரம் பார்த்துச் சொன்ன மனுஷன். ஆனா தான் பிறந்த இடத்தைக்கூட அவரால் துல்லியமாகக் காட்ட முடியவில்லை. நோலின் ஓடைக்கரையில, ஹாட்ஜன்வில் ஊரிலிருந்து ஒண்ணு ஒண்ணரை மைல் தூரத்துல இருக்கும். அம்மா அப்பா இல்லை, எனக்கும் நினைவில்லை, சரியான இடத்தைச் சொல்ல வழியில்லை என்று 1860-ல் எழுதிக் கொடுத்தார்.

பதிவுகள் அன்றைக்கு அப்படித்தான் இருந்தன. கென்டக்கியில் பிறப்பு, இறப்பை மாநில அளவில் ஒழுங்காகப் பதிவு செய்வது 1911-ல்தான் தொடங்கியது. 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள்தொகை எடுத்தார்கள். ஆனால் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மத்தவங்க எல்லாம் இத்தனை வயதுக்குள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற எண்ணிக்கை மட்டும். வீட்டு பைபிளின் பக்கங்களில் பிறந்த தேதி, கல்யாணத் தேதி எழுதி வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் அதுவும் இருக்காது.

அப்போ எதை வச்சுத் தேடுறது? ஒரு விவசாயக் குடும்பம் எதற்காக அரசாங்கப் படி ஏறும்? நிலம் வாங்க, நிலம் விற்க, வரி கட்ட, கல்யாணத்துக்கு அனுமதி வாங்க, பங்கு பிரிக்க, வழக்குக்கு. லிங்கன் குடும்பத்தின் சரித்திரம் இந்த ஆறு வகைக் காகிதத்துக்குள்தான் கிடந்தது.

தாத்தா செத்த வருஷம்

தாத்தா ஆபிரகாம் 1744-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். வர்ஜீனியாவில் ஊர்க் காவல் படையில் கேப்டன். அங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு, மலைகளுக்கு மேற்கே மண்ணு நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டு கென்டக்கிக்கு வந்தார். கென்டக்கி அப்போது தனி மாநிலம் கிடையாது, வர்ஜீனியாவின் ஒரு பகுதி. 1780-ல் அவர் வாங்கிய நில உரிமைச் சீட்டு இன்றைக்கும் இருக்கிறது. அதில் அவர் பெயர் லிங்கன் என்று இல்லை, "லிங்க்ஹார்ன்" என்று இருக்கிறது. எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். பெயரை வச்சு மட்டும் தேடினவங்களுக்கு இந்தக் காகிதம் எப்படிக் கிடைக்கும்?

லாங் ரன் என்ற ஓடைக்கரையில் காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தபோது பூர்வகுடி ஒருவர் மறைந்திருந்து சுட்டதில் அவர் இறந்தார். மூன்று பையன்களும் அங்கேதான் இருந்தார்கள். நடுப் பையன் ஜோசையா உதவிக்கு ஆள் கூப்பிடக் கோட்டைக்கு ஓடினான். மூத்தவன் மொர்டெக்காய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். கடைக்குட்டி தாமஸ் அப்பாவின் உடம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தத் தாமஸ்தான் லிங்கனின் அப்பா. சின்ன வயசில் கேட்டதிலேயே மனசில் ரொம்ப ஆழமாகப் பதிந்தது இந்தக் கதைதான் என்று லிங்கன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கதை நல்லா நினைவிருந்தது. வருஷம்தான் தப்பு. 1784 என்று லிங்கன் நினைத்தார். அப்பாவுக்கு அப்போது ஆறு வயசு என்றும் எழுதினார். ஆனால் 1785-ல் அந்த நிலத்தை அளந்த பதிவில் தாத்தா உயிரோடு இருக்கிறார். இறந்தது 1786 மே மாதம் என்று பின்னால் உறுதியானது.

ரெண்டு வருஷம் முன்ன பின்ன இருந்தா என்ன என்று தோணலாம். இந்தக் குடும்பத்துக்கு வருஷம் இல்ல, மாசமே முக்கியம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே என்பது வர்ஜீனியாவில் இருந்த பழைய இங்கிலாந்துச் சட்டம். அதை மாற்றி, பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்று சட்டம் நிறைவேறியது 1785-ல். நடைமுறைக்கு வந்ததோ 1787 ஜனவரி 1-ஆம் தேதி. தாத்தா இறந்தது அதற்கு ஏழு மாசம் சொச்சம் முன்னாடி.

அவர் பெயரில் இருந்த நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். மூத்தவர் மொர்டெக்காய் வாரிசு ஆனார். தாமஸுக்கு அப்பா சொத்து எதுவும் வரவில்லை. அப்பா எழுத்து வாசனை இல்லாமல் ஊர் ஊராகக் கூலி வேலைக்குப் போய் வளர்ந்த பையன், தன் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதுவதற்கு மேல் அவருக்கு எழுத வராது என்று லிங்கன் எழுதினார். பெரியப்பா மொர்டெக்காய் பற்றி, குடும்பத்துத் திறமையை எல்லாம் அவரே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு என்று வேடிக்கையாகச் சொல்வாராம். பத்திரங்களைப் பார்த்தால், அவர் எடுத்துக்கிட்டுப் போனது திறமையை மட்டும் இல்லைன்னு தெரியுது.

ஓக் மரத்திலிருந்து ஆரம்பிக்கும் செக்குபந்தி

தாமஸ் சும்மா இருந்துவிடவில்லை. தச்சு வேலை கற்றுக்கொண்டார். 1803-ல் மில் கிரீக் என்ற இடத்தில் 118 பவுன் கொடுத்து 238 ஏக்கர் வாங்கினார். 1808 கடைசியில் சிங்கிங் ஸ்பிரிங் என்ற இடத்தில் 200 டாலர் ரொக்கமாகக் கொடுத்து 300 ஏக்கர். அங்கேதான் 1809 பிப்ரவரி 12-ஆம் தேதி ஆபிரகாம் பிறந்தார். 1811-ல் நாப் கிரீக் என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். வரி கட்டியிருக்கிறார், ஜூரியாக உட்கார்ந்திருக்கிறார், குதிரைகள் வச்சிருந்திருக்கிறார். வரிப் பட்டியலில் தெரிகிற ஆள் ஒண்ணுமில்லாத பரதேசி இல்லை.

பிரச்சினை கென்டக்கியின் நில அளவையில் இருந்தது. அங்கே அரசாங்கம் முதலில் அளந்து, எண் போட்டு, பிறகு விற்கவில்லை. சீட்டு வாங்கியவர்கள் அவங்கவங்களே இடம் பார்த்து, அவங்கவங்களே அளவைக்காரரைக் கூட்டிப்போய் அளந்துகொண்டார்கள். எல்லை என்பது மரம், பாறை, ஓடை. ஒரு பெரிய வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஆரம்பித்து இந்தத் திசையில் இத்தனை கோல், அங்கிருந்து இன்னொரு மரம் வரைக்கும் என்று செக்குபந்தி எழுதுவார்கள். லிங்கன் பிறந்த நிலத்துக்கும் அப்படி ஓர் எல்லை ஓக் மரம் உண்டு. 1805-ஆம் வருஷத்து அளவையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது. 1976 வரை உயிரோடு நின்றது.

எல்லா எல்லை மரமும் அப்படி நிற்காது. வெட்டிருவாங்க, இடி விழும், ஓடை திசை மாறும். ஒரே மண்ணு மேல ரெண்டு பேர், மூணு பேர் அளவை ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேய்ஞ்ச மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லார் கையிலும் காகிதம் இருக்கும்.

தாமஸுக்கு மூணு நிலத்திலும் அடி விழுந்தது. மில் கிரீக் நிலத்தின் அளவில் பிழை வந்து 38 ஏக்கர் காணாமல் போனது. மீதி 200 ஏக்கரை 1814-ல் வாங்கின விலைக்கும் குறைவாக, 100 பவுனுக்கு விற்றார். சிங்கிங் ஸ்பிரிங் நிலத்தில் வில்லங்கம். அவருக்கு முன்னால் கை மாறியபோது யாரோ பாக்கி வைத்த சின்னத் தொகைக்காகப் பழைய சொந்தக்காரர் வழக்குப் போட்டார். 1816-ல் தாமஸ் தோற்றார். நாப் கிரீக்கில், இது எங்க நிலம், காலி பண்ணு என்று வெளியூர்க்காரர்கள் அவர் மேலும் பக்கத்துக் குடியானவர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் கடைசியில் தீர்ப்பு தாமஸ் பக்கம் வந்தது. வந்தபோது அவர் அந்த ஊரிலேயே இல்லை.

1816 டிசம்பரில் குடும்பம் ஓஹியோ ஆற்றைத் தாண்டி இண்டியானா போய்விட்டது. அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் கென்டக்கியில் நில உரிமைக்கு இருந்த தொல்லை என்று லிங்கனே 1860-ல் எழுதியிருக்கிறார்.

இண்டியானாவில் நில முறையே வேற. 1785-ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, முதலில் அளவை, அப்புறம்தான் விற்பனை. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகள். கால் பிரிவு 160 ஏக்கர். அளந்தது 66 அடிச் சங்கிலியால், அதில் 100 கண்ணி. நம்ம சர்வேயர்கள் வரைபடத்தில் போடும் "லிங்க்ஸ்" அந்தக் கண்ணிதான். சங்கிலிக்குச் சங்கிலி ஒரு சதுரம் போட்டா சரியா 10 சென்ட். தாமஸ் 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலர் விலையில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். 32-ஆம் பிரிவின் தென்மேற்குக் கால் பங்கு. அந்த விவரத்தில் மரமும் இல்லை, பாறையும் இல்லை. யாரும் அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது. முழுத் தொகையும் அவரால் கட்ட முடியவில்லை. பாதியை அரசிடமே திருப்பிக் கொடுத்து, 1827-ல் மீதி 80 ஏக்கருக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். அவர் கைக்கு வந்த முதல் சுத்தமான பத்திரம் அது என்று சொல்லலாம்.

கல்யாணக் காகிதம் இருந்த ஊர்

1865-ல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவரோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த வில்லியம் ஹெர்ன்டன் அவர் வாழ்க்கையை எழுதத் தகவல் திரட்டினார். கென்டக்கிக்குக் கடிதங்கள் போயின. தாமஸ் லிங்கனுக்கும் நான்சி ஹாங்க்ஸுக்கும் நடந்த கல்யாணத்துக்குப் பதிவு இருக்கா என்று ஹார்டின் கவுண்டியில் தேடினார்கள். தாமஸ் வாழ்ந்த கவுண்டி அது. கிடைக்கவில்லை.

கிடைக்கலன்னா என்ன அர்த்தம்? தேடிய இடத்தில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆனால் ஊர் அப்படி எடுத்துக்காது. அவங்களுக்கு முறையா கல்யாணமே ஆகல என்று பேச்சு கிளம்பியது. 1872-ல் லிங்கனின் நண்பர் வார்டு லாமன் பெயரில் வந்த வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம், பதிவு இல்லை என்ற சந்தேகத்தை அச்சிலேயே ஏற்றிவிட்டது. செத்துப்போன ஒரு பொண்ணு மேல, மண்ணுக்குள்ள போய் ஐம்பது வருஷம் கழிச்சு, ஒரு காகிதம் கிடைக்கலைங்கறதுக்காகச் சேறு பூசினார்கள்.

காகிதம் பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில் இருந்தது. கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம்தானே நடக்கும்? அந்தச் சின்ன விஷயம் யாருக்கும் தோணல. 1878-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர் நீதிமன்றத்தில் கவுண்டி கிளார்க்காக இருந்த புக்கர் பழைய கட்டுகளிலிருந்து அதை எடுத்தார். 1806 ஜூன் 10-ஆம் தேதி போட்ட கல்யாண உறுதிப் பத்திரம். கல்யாணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் 50 பவுன் கட்டுகிறோம் என்று தாமஸ் லிங்கனும் ரிச்சர்டு பெர்ரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதோடு, ஜெஸ்ஸி ஹெட் என்ற மெத்தடிஸ்ட் போதகர் தான் நடத்தி வைத்த கல்யாணங்களைப் பட்டியல் போட்டு அலுவலகத்துக்குக் கொடுத்த தாளும் கிடைத்தது. ஜூன் 12, தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ். மூத்த மகள் பிறந்தது அதற்கடுத்த வருஷம்.

வதந்தி செத்தது. ஆனால் மகன் இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது.

பழைய கிரையப் பத்திரம் சொன்ன உண்மை

சரி, ஹிங்கம் லிங்கன்களும் கென்டக்கி லிங்கன்களும் ஒரே குடும்பமா? இதுக்குப் பதில் 1880-களில் கிடைத்தது. சாமுவேல் ஷேக்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 1887-ல் தன் கட்டுரையில் அதை வரிசைப்படுத்தினார். அவர் போன வழி நம்ம பத்திர எழுத்தர்களுக்கு நல்லாப் புரியும்.

பென்சில்வேனியாவில் மொர்டெக்காய் லிங்கன் என்பவர் 1736-ல் இறந்தார். அவர் உயிலில் ஜான் என்ற மகனுக்கு நியூஜெர்சியில் இருந்த நிலம் எழுதப்பட்டிருந்தது. பின்னால் ஒரு ஜான் லிங்கன் அந்த நியூஜெர்சி நிலத்தை விற்கிறார். கிரையப் பத்திரத்தில், இந்தச் சொத்து எனக்கு என் அப்பா மொர்டெக்காயிடமிருந்து வந்தது என்று பூர்வீகம் சொல்கிறார். எந்தப் பத்திரத்திலும் எழுதுகிற வழக்கமான வரிதான் அது. அந்த வரிதான் அப்பனையும் மகனையும் சேர்த்துக் கட்டியது. இந்த ஜான் 1768 வாக்கில் வர்ஜீனியா போனவர். அவர் மகன்தான் கென்டக்கியில் இறந்த கேப்டன் ஆபிரகாம்.

மொர்டெக்காய் எங்கிருந்து வந்தவர்? அவர் 1686-ல் அதே மாசசூசெட்ஸ் ஹிங்கம் ஊரில் பிறந்து தெற்கே போனவர். அவர் அப்பா, அவர் பெயரும் மொர்டெக்காய், ஒரு கொல்லர். கொல்லரின் அப்பா சாமுவேல். 1637-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து கப்பல் ஏறியவர். கப்பல் பதிவில் நாரிச் நகரத்து நெசவாளர் ஒருவரின் வேலைக்காரப் பையனாக, வயசு 18 என்று இருக்கிறார். பெயர் "லிங்கார்ன்" என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் அவர் ஊர் பெயரும் ஹிங்கம்தான்.

இப்போ வரிசை இப்படி வருது. நெசவு பழகிய சாமுவேல். கொல்லர் மொர்டெக்காய். இரும்பு உலை நடத்திய மொர்டெக்காய், பென்சில்வேனியாவில் அவர் கட்டிய கல்வீடு இன்றைக்கும் நிற்கிறது. வர்ஜீனியா ஜான். 5,000 ஏக்கர் கேப்டன் ஆபிரகாம். தச்சர் தாமஸ். பிறகு ஜனாதிபதி. ஏழு தலைமுறை. 1848-ல் சாலமன் கடிதம் எழுதிய அதே ஹிங்கம்தான் இந்தக் குடும்பத்தின் பழைய ஊர். ரெண்டு பேருக்கும் தெரியாமலே கடிதம் போய் வந்திருக்கிறது.

பரம்பரை ஏழை என்பது தப்பு. ஆறு தலைமுறையில் ஐந்து தலைமுறை கையில் தொழிலோ நிலமோ வைத்திருந்தது. விழுந்தது ஒரே ஒரு தலைமுறை. அதை விழ வைத்தது குடியோ சோம்பலோ இல்லை. மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டமும், மரத்தை எல்லையாக வைத்த அளவையும்தான்.

அம்மா வழி

அப்பா வழியை நிலம் காட்டிக் கொடுத்தது. அம்மா வழிக்கு அந்த உதவி இல்லை. பெண்கள் பெயரில் நிலம் இல்லை, வரிப் பட்டியலில் பெயர் இல்லை, மக்கள்தொகைத் தாளில் ஒரு கோடு மட்டும்.

நான்சி 1818 அக்டோபர் 5-ஆம் தேதி இண்டியானாவில் இறந்தார். வயசு 34. பால் நோய் என்று அதைச் சொன்னார்கள். காட்டில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு விஷச்செடியை மாடு மேய்ந்தால் அந்த விஷம் பாலில் இறங்கும். பாலைக் குடிச்ச மனுஷனும் சாவான். செடிதான் காரணம் என்று அறிவியல் உறுதி செய்தது நூறு வருஷம் கழித்து. மேய்ச்சலுக்குப் புல் பத்தாத புதுக்காட்டில் மாடு கண்டதையும் கடிக்கும். மாடு வளர்க்கிற யாருக்கும் இதைப் படிச்சா மனசு பதறும். தாமஸ் சவப்பெட்டி செய்தார். ஒன்பது வயசு ஆபிரகாம் அதுக்கு மரஆணி சீவிக் கொடுத்தான் என்பார்கள். கல்லறைக்கு முறையான கல் வைக்கப்பட்டது 1879-ல்தான்.

நான்சியின் அம்மா லூசி ஹாங்க்ஸ். அப்பா யார் என்று எந்தப் பதிவும் இல்லை. 1850 வாக்கில் ஒரு வண்டிப் பயணத்தில், தன் அம்மா கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் தன்னிடம் சொன்னதாக ஹெர்ன்டன் எழுதினார். இதை நிறைய பேரால் ஏற்க முடியவில்லை. 1899-ல் ஒரு புத்தகம் வந்தது. ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் 1793-ல் எழுதிய உயிலில் நான்சி என்ற மகளுக்கு ஒரு கிடேரிக் கன்றுக்குட்டி எழுதி வைத்திருந்தார். அந்த நான்சிதான் லிங்கனின் அம்மா, ஆகவே குறை ஒன்றுமில்லை என்று புத்தகம் சொன்னது. பேர் பொருந்துதுன்னு எடுத்துக்கிட்டாங்க. 1920-களில் வில்லியம் பார்ட்டன் என்ற ஆய்வாளர் அது வேற நான்சி என்று காட்டினார். ஒரே வீட்டில் ஒரே பெயர் ரெண்டு பேருக்கு, மூணு பேருக்கு இருக்கும்னு கிராமத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா?

கடைசியில் 2015-ல் மரபணு பேசியது. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண் வழியிலேயே இறங்கும் ஒரு மரபணுப் பகுதி உண்டு. நான்சியின் ஒரே மகள் சாரா 1828-ல் பிரசவத்தில் இறந்துவிட்டார், அந்த வழி அதோடு அற்றுப்போனது. ஆகவே ஹாங்க்ஸ் வீட்டின் மற்றப் பெண்களின் வழியில் வந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். அரிதான ஒரே வகை பொருந்தி வந்தது. நான்சி லூசியின் மகள், லூசி ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி வயிற்றில் பிறந்தவர் என்ற வரிசை நின்றது. அதாவது கன்றுக்குட்டி உயில் எழுதிய ஜோசப், நான்சிக்குத் தாத்தா. 1806 கல்யாணப் பத்திரத்தில் நான்சிக்கு அப்பா என்று யாரும் கையெழுத்துப் போடாமல், ரிச்சர்டு பெர்ரி காப்பாளர் என்று போட்டதன் காரணமும் புரிகிறது.

காகிதமே இல்லாதவர்கள்

ஒரு விஷயம் சொல்லாம விட்டா இந்தக் கதை முழுசாகாது. தாத்தாவைச் சுட்ட பூர்வகுடி ஆளுக்கும் அப்பா, தாத்தா இருந்திருப்பாங்க. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எந்தத் தாளிலும் இல்லை. அவர் சனங்க வேட்டையாடின காட்டுக்குத்தான் வர்ஜீனியா அரசு சீட்டுப் போட்டு விற்றது. தாமஸின் சித்தப்பா ஐசக் டென்னசியில் அடிமைகளை வைத்திருந்தார். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை முதலாளி பெயருக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் எழுதினார்கள். பெயர் கிடையாது. அவங்க பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் முன்னோரைத் தேடினால், மாடு கன்றோடு சேர்த்து எழுதிய சொத்துப் பட்டியல்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1862 மே 20-ஆம் தேதி லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர், சின்னப் பதிவுக் கட்டணம் மட்டும். அளந்து எண் போட்ட நிலம், சுத்தமான பத்திரம். அவங்க அப்பாவுக்கு இண்டியானாவில் முழுசாக் கட்டி முடிக்க முடியாமல் போன அதே 160 ஏக்கர். அந்த நிலங்களும் பூர்வகுடிகளிடமிருந்து வந்தவைதான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்பனுக்கும் மகனுக்கும் கடைசி வரை ஒட்டவில்லை. 1851 ஜனவரியில் தாமஸ் படுக்கையில் கிடந்தபோது, இப்போ பார்த்துக்கிட்டா சந்தோஷத்தைவிட வலிதான் அதிகமா இருக்கும்னு நினைக்கிறேன் என்ற அர்த்தத்தில் லிங்கன் ஊருக்கு எழுதினார். போகவில்லை. சாவுக்கும் போகவில்லை. அவங்களுக்குள்ள என்னென்ன இருந்துச்சோ, அதுல நாம நீதி சொல்ல முடியாது. எனக்குத் தோணுறது ஒண்ணுதான். எழுத்துத் தெரியாத ஒரு ஆள், காசு கொடுத்து நிலம் வாங்கி, திரும்பத் திரும்ப எழுத்துத் தெரிஞ்சவங்களோட காகிதத்துல அடி வாங்கியிருக்கார். அப்புறமும் நாலாவது தடவை காட்டை வெட்டி விதைச்சிருக்கார்.

தாத்தா நிலத்தைக் கோட்டை விட்டுட்டாரு, அப்பா காப்பாத்தத் தெரியாதவருன்னு எல்லா வீட்டுலயும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கும். அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துறதுக்கு முன்னாடி, அந்த வருஷம் சட்டம் என்ன சொல்லுச்சு, அளவை எப்படி இருந்துச்சு, பத்திரத்துல யார் கையெழுத்துன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.